ஓய்வு நாளில் எறியப்பட்ட தேசிக்காய்

அனுப்புநர்:
வேணுஜா இராசலிங்கம் (வயது 19),
பிடிப்பாளர், பேர்லின் தமிழ் மாணவர் பேஸ்போல் அணி,
நொய்கெல்ன், பேர்லின்.

பெறுநர்:
திரு. சி. கனகலிங்கம் அவர்கள்,
ஒழுங்குச் செயலாளர்,
யேர்மனித் தமிழ் மாணவர் விளையாட்டு மன்றம்.

பொருள்: 01.10.2025 புதன்கிழமை எங்கள் மைதானத்தில் நடந்தது பயிற்சி அல்ல என்பதும், எங்கள் பயிற்றுநர் மீதான தடையை நீக்கக் கோருவதும்.

பார்வை: தங்களின் 08.10.2025 திகதிய கடிதமும், அதனுடன் வந்த காணொளியும்.

மதிப்பிற்குரிய செயலாளர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

என் பெயரைக் கண்டவுடன் இதை ஓரமாக வைத்துவிடாமல் கடைசி வரி வரை வாசிக்க வேண்டும் என்பதே என் முதல் விண்ணப்பம். சென்ற ஆண்டு விழாவில் வெற்றிக் கிண்ணங்களுக்குள்ளிருந்து றப்பர்த் தவளைகள் வெளிப்பட்ட விடயத்தில் என் பெயர் அடிபட்டதை அறிவேன். அது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. தவளைகளும் வாய் திறக்கவில்லை. ஆனால் இந்த மனு பகிடி அல்ல. எங்கள் பயிற்றுநர் திரு. பார்த்தசாரதி அவர்களை அடுத்த ஆண்டு முடியும்வரை விலக்கி வைப்பதா என்று வருகிற சனிக்கிழமை தங்கள் குழு முடிவு செய்யப் போகிறது. அவர் செய்யாத ஒன்றுக்காக. அவர் அதைச் செய்ததுபோலத் தோன்றுவதற்குக் காரணம் என்னுடைய இடது கை. எனவே அந்தக் கைக்குச் சொந்தக்காரி என்ற முறையில் எழுதுகிறேன்.

மனுக்கள் தமிழில் மட்டுமே ஏற்கப்படும் என்று மன்ற யாப்புச் சொல்வதால், சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் கடைசி வாங்கில் இருந்து படித்ததையெல்லாம் கூட்டி அள்ளி எழுதுகிறேன். பிழைகள் என்னுடையவை. உண்மை எல்லோருடையது.

1. முதலில் எங்கள் நிலைமை. உதைபந்துக்கும் கிரிக்கெற்றுக்கும் மன்றத்தில் ஆட்கள் நிரம்பி வழிகிறார்கள், மைதானம் இல்லை. பேஸ்போலுக்கு மைதானம் உண்டு, ஆட்கள் இல்லை. பழைய விமான நிலையத் திடலின் ஓரத்தில், அமெரிக்கப் படையினர் முன்னொரு காலத்தில் விளையாடிவிட்டுப் போன இடத்தில், பட்டம் விடுகிறவர்களுக்கும் சைக்கிள் ஓடுகிறவர்களுக்கும் நடுவே நாங்கள் விளையாடுகிறோம். இரவு விளக்குகள் கிடையாது. சூரியன் மறையத் திடலின் கதவுகளைப் பூட்டிவிடுவார்கள். ஆகவே எங்களுக்கு நேரம் என்றால் வெளிச்சம். செப்ரெம்பரில் இருக்கிற வெளிச்சம் ஒக்டோபரில் இல்லை.

2. மன்றத்தின் இலையுதிர்காலப் பயிற்சி விதிகளை நாங்கள் மதிக்கிறோம். அவை அமெரிக்கக் கல்லூரி அணிகளின் விதிகளைப் பார்த்து எழுதப்பட்டவை என்று முன்னுரையிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. (நாங்கள் பார்த்து எழுதினால் பரீட்சை மண்டபத்தை விட்டு அனுப்புவார்கள். அது வேறு கதை.) அணி முழுவதும் பயிற்றுநருடன் சேர்ந்து பயிற்சி செய்யலாம், ஆனால் தொடர்ச்சியான ஆறு கிழமைகளுக்குள் மட்டும். அந்த ஆறு கிழமை எது என்பதை அணி முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். கிழமைக்கு எட்டு மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. கிழமையில் ஒரு நாள் முழு ஓய்வு. ஓய்வு நாளில் பயிற்றுநர் முன்னிலையில் மட்டையோ பந்தோ கையுறையோ கொண்டு திறமையை வளர்க்கும் எச்செயலும் கூடாது. விரும்பியவர்கள் தாமாகப் பயிற்சி செய்யலாம், ஆனால் பயிற்றுநர் அங்கே நிற்கவோ பார்க்கவோ சைகை காட்டவோ கூடாது.

இவ்வளவையும் வைத்து ஒரு நேர அட்டவணை போடுவது எப்படியென்று தாங்கள் ஒருமுறை எங்களுடன் இருந்து பார்க்க வேண்டும். ஒருவருக்கு ஆய்வுகூட வகுப்பு, இன்னொருவருக்கு உணவகத்தில் பின்னேர வேலை, சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலை, வெள்ளிக்கிழமை கோயில் அல்லது தேவாலயப் பாடகர் குழு. மைதானத்தை நகரசபை எங்களுக்குத் தரும் நாட்கள் நகரசபைக்கு வசதியான நாட்கள். எங்கள் தலைவர் நிதுசன் ஓகஸ்ற் மாதம் முழுவதும் ஒவ்வொருவருக்கும் அழைப்பெடுத்து, அழுது, மிரட்டி, கடைசியில் செவ்வாய், வியாழன், சனி, ஞாயிறு என்று ஒன்றைக் கொண்டுவந்தார். செப்ரெம்பர் 15 தொடக்கம் ஒக்டோபர் 26 வரை. ஓய்வு நாள் புதன். தாங்களே அதற்கு ஒப்புதல் தந்தீர்கள்.

3. அந்தப் புதன்கிழமையை எங்களைவிட இறுக்கமாகக் காத்தவர் பயிற்றுநர்தான். அவர் தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போய் அங்கே கல்லூரி அணியில் விளையாடியவர். யேர்மனியில், எர்லாங்கன் நகரில் பொறியியலாளராக இருந்துவிட்டு இரண்டு ஆண்டுகளுக்கு முன் பேர்லினுக்கு வந்தார். புதன்கிழமைகளில் அவருக்குச் செய்தி அனுப்பினால் பதில் வராது. ஒருமுறை என் முழங்கால் காப்பு உடைந்து, புதியது எந்த அளவில் வாங்குவதென்று ஒரு புதன் பின்னேரம் கேட்டேன். வியாழன் காலையில்தான் பதில் வந்தது, அதுவும் இரண்டு சொல்லில்: "மீடியம். குட்மார்னிங்." ஓய்வு நாளில் முழங்கால் காப்பின் அளவைச் சொல்வதும் பயிற்றுவித்தலாகிவிடுமோ என்று யோசித்த மனிதர் மீதுதான் ஓய்வு நாளில் இரகசியப் பயிற்சி நடத்தினார் என்று குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது.

4. இனி அந்த நாள். இந்த ஆண்டு சரஸ்வதி பூசை ஒக்டோபர் 1ஆம் திகதி, புதன்கிழமை வந்தது. எங்கள் வீடுகளில் அன்றைக்குப் புத்தகங்களை வைப்போம். பயிற்றுநரின் ஊரில் ஆயுத பூசை என்று தொழில் கருவிகளையும் வைப்பார்களாம். தறி வைத்திருப்பவர் தறிக்கும், லொறி வைத்திருப்பவர் லொறிக்கும் பொட்டு வைப்பார். வைத்த பிறகு அடுத்த நாள் விசயதசமி வரை அவற்றைத் தொடமாட்டார்களாம். இதைக் கேட்டதும் எங்கள் எல்லோருக்கும் ஒரே யோசனை வந்தது. மட்டைகளை வைத்தால் என்ன? புதன் எங்களுக்கு ஓய்வு நாள், அன்று மட்டையைத் தொடக்கூடாது என்று மன்றம் சொல்கிறது. தொடக்கூடாது என்று சாமியும் சொல்கிறது. மன்றமும் சாமியும் ஒரே நாளில் ஒரே கருத்தில் இருப்பது அடிக்கடி நடக்கிற காரியமா, ஐயா?

பயிற்றுநர் முதலில் மறுத்தார். ஓய்வு நாளில் தான் மைதானத்துக்குள் வருவது அழகில்லை என்றார். பூசை தெரிந்தவர் அவர் மட்டும்தான், அவர் இல்லாமல் செய்தால் ஏதாவது பிழைத்துவிடும் என்று கெஞ்சி வரவழைத்தது நாங்கள். ஏதோ பிழைக்கத்தான் செய்தது. அதை அடுத்த பந்தியில் சொல்கிறேன்.

5. பின்னேரம், வெளிச்சம் சாயத் தொடங்கும் நேரம். வீரர்கள் இருக்கும் நீள வாங்கில் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, தமிழ்க் கடையில் வாங்கிய சரஸ்வதி படத்தை வைத்தோம். மட்டைகளைச் சாத்தினோம். தலைக்கவசங்கள், கையுறைகள், என்னுடைய முகமூடி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். என் முகமூடிக்குப் பொட்டு வைத்தபோது அது என்னைவிட அழகாக இருக்கிறது என்று எங்கள் அணியின் கவிசா சொன்னாள். கவிசா கிறிஸ்தவப் பிள்ளை, படத்துக்குப் பூ வைத்ததும் அவள்தான். திடலில் நெருப்பு மூட்டத் தடை என்பதால் கற்பூரத்துக்குப் பதிலாக மின்கலத்தில் எரியும் சிறிய விளக்கு. அவலும் கடலையும் இருந்தன. தேவாரம் பாடி முடித்தோம்.

அதற்குப் பிறகுதான் திருஷ்டி கழித்தல், நாங்கள் நாவூறு கழிக்கிறது என்று சொல்வது. பயிற்றுநர் இரண்டு தேசிக்காய்களை, அவர் பேச்சில் எலுமிச்சம்பழங்களை, குறுக்காக வெட்டி, நான்கு பாதிகளுக்கும் குங்குமம் தடவினார். நான்கு திசைக்கும் ஒவ்வொன்றாய் எறிய வேண்டும். பேஸ்போல் மைதானத்துக்கு நான்கு மூலைகள் உண்டு என்பது தங்களுக்குத் தெரியும். எறிவாளர் நிற்கும் நடு மேட்டில் போய் நின்றார். முதலாம் தளம், இரண்டாம் தளம், மூன்றாம் தளம் என்று மூன்று பாதிகளை எறிந்தார். அவை புல்லில் விழுந்தன. நான்காவது, அடிப்பவர் நிற்கும் வீட்டுத்தளத்துக்கு.

வீட்டுத்தளத்துக்குப் பின்னால், பிடிப்பாளர் நிற்கிற இடத்தில், நான் நின்றேன். எல்லோரும் ஓரமாய் நிற்க, என் கால் தன்பாட்டில் போய்த் தன் இடத்தில் நின்றது. மேட்டிலிருந்து ஒரு கை உயர்ந்து ஏதோ ஒன்று என்னை நோக்கி வந்தால் நான் யோசிப்பதில்லை. யோசிக்காமல் இருக்கத்தான் இரண்டு ஆண்டுகளாய் அவர் எனக்குச் சொல்லித் தந்தார். தேசிக்காய் வந்தது. பிடித்துவிட்டேன்.

கழித்த தேசிக்காய் நிலத்தில் விழ வேண்டும். அதை ஒருவரும் கையில் வாங்குவதில்லை. அதை நான் உள்ளங்கையில் குங்குமம் ஒட்ட ஏந்திக்கொண்டு நின்றேன். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பயிற்றுநர் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அம்மாவும் சிரிக்கவில்லை. "கழிச்ச தேசிக்காயை ஆராவது கையால ஏந்துவினமோ?" என்று கேட்டுவிட்டு என் கையை உப்பும் மஞ்சளும் போட்டுக் கழுவினா. ஒரு கிழமையில் தங்கள் கடிதம் வந்தது. அணியில் சிலர் இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று இப்போதும் என்னைப் பார்க்கிறார்கள். நான் அப்படி நம்புகிறவள் அல்ல. ஆனாலும் இடது கையால் இப்போது எதையும் முதலில் தொடுவதில்லை.

6. மன்றத்தின் கண்காணிப்பாளர் மிதுஷன் அண்ணை அன்று வேலிக்கு வெளியே நின்றிருக்கிறார். அவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. கண்காணிப்பாளர் உள்ளே வரக்கூடாது, அணியுடன் கதைக்கக்கூடாது, சாப்பிட எதுவும் வாங்கக்கூடாது என்பது விதி. அவலும் கடலையும் கொண்டுபோய் வேலிக்கு மேலால் நீட்டியபோதும் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். விதியைக் காத்தார். ஒரு பிடி கடலை வாங்கியிருந்தால் அதோடு ஒரு கேள்வியும் கேட்டிருப்பார், இன்று இந்த மனுவுக்குத் தேவை இருந்திருக்காது. தூரத்திலிருந்து, சாய்ந்த வெளிச்சத்தில், போனில் பெருப்பித்துப் பிடித்த படத்தில் அவர் கண்டதை அவர் எழுதினார்.

7. அவர் கண்டதும் நடந்ததும்:

(அ) "பயிற்றுநர் நான்கு தளங்களுக்கும் எறிதல் முறையைச் செய்து காட்டினார்." எறிந்தார், உண்மை. அவர் இடுப்பை அசைக்காமல், காலைத் தூக்காமல், கல்யாண வீட்டில் அட்சதை போடுவதுபோல எறிவதைத் தாங்களே பாருங்கள். அப்படி நாங்கள் எறிந்தால் மைதானத்தைச் சுற்றி ஓட விடுவார்.

(ஆ) "பிடிப்பாளர் பந்தைப் பிடித்தார்." என் கையில் கையுறை இல்லை. கையுறை சரஸ்வதிக்கு முன்னால் பொட்டோடு இருந்தது, அதுவும் அதே காணொளியில் ஓரமாய்த் தெரிகிறது. கையுறை இல்லாமல் பந்து பிடிக்கிற பிடிப்பாளரைப் பயிற்சிக்கு அல்ல, எலும்பு வைத்தியரிடம்தான் கூட்டிப் போவார்கள்.

(இ) "பிடிப்பாளரின் கையில் இரத்தம் காணப்பட்டும் நிகழ்வு நிறுத்தப்படவில்லை." ஐயா, அது குங்குமம். இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் தங்கள் கடிதத்தில் இந்த வரிக்குத்தான் மிகக் கடுமையான சொல் பாவிக்கப்பட்டிருக்கிறது: வீரரின் உடல்நலத்தைப் புறக்கணித்தார் என்று. மழை பெய்து தளம் வழுக்கும் என்று இரண்டு தரம் பயிற்சியையே நிறுத்தியவரைப் பற்றி.

மன்றத்தின் கிண்ணங்களை ஏற்றி வரும் தங்கள் வெள்ளை வான் வண்டியின் முன்பக்கத்தில் ஒரு தேசிக்காயும் பச்சை மிளகாய்களும் கோர்த்துத் தொங்குவதை நாங்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஆகவே தேசிக்காய் எதற்கு என்று தங்களுக்கு விளக்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. மிதுஷன் அண்ணைக்குத் தெரியாமல் இருக்கலாம். தங்களுக்குத் தெரியும்.

8. அப்படியானால் பயிற்றுநர் ஏன் இதைச் சொல்லவில்லை என்று குழு கேட்கும். தாங்கள் விளக்கம் கேட்டபோது, அன்று மைதானத்தில் இருந்ததையும் எறிந்ததையும் ஒப்புக்கொண்டு ஒற்றை வரி எழுதி அனுப்பியிருக்கிறார். பூசை என்ற சொல்லே அதில் இல்லை. நாங்கள் நாலைந்து பேர் போய் ஏன் என்று கேட்டோம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சாமி பேரைச் சொல்லித் தப்பிச்சுக்க மாட்டேன். ரெஸ்ட் டே அன்னிக்கு நான் கிரவுண்ட்ல நின்னேன். அது போதும்."

அணியில் இரண்டு சமயப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், இதை ஒரு சமய வழக்காக மாற்றிப் பிள்ளைகளைப் பிரித்துவிடக்கூடாது என்று அவர் பயப்படுகிறார் என்பது எங்கள் ஊகம். அவர் அதைச் சொல்லவில்லை. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத் தாங்கள் எடுத்துக்கொண்டீர்கள். அவர் நின்றதைத்தான் ஒப்புக்கொண்டார்.

9. தங்கள் கடிதத்தோடு தற்காலிகத் தடை வந்த நாளிலிருந்து நடப்பதையும் தாங்கள் அறிய வேண்டும். பயிற்றுநர் தினமும் திடலுக்கு நடுவால் சைக்கிளில்தான் வேலையிலிருந்து வீட்டுக்குப் போவார். தடை வந்த மறுநாளே அந்தப் பாதையை விட்டு நிலக்கீழ் ரெயிலில் போகத் தொடங்கினார், சைக்கிள் மைதானத்துக்குப் பக்கத்தில் தெரிந்தாலும் முன்னிலை என்று எழுதிவிடுவார்கள் என்று. நாங்கள் எங்கள்பாட்டில் பயிற்சி செய்கிறோம். நிதுசன் சத்தம் போடுகிறார், ஒருவரும் கேட்பதில்லை. மூன்றாம் தளத்துக்கு நான் எறியும் பந்துகள் எல்லாம் வலப்பக்கம் விலகுகின்றன. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் ரெயிலில் போகிறார்.

சென்ற செவ்வாய்க்கிழமை ஒன்று நடந்தது. இதை எழுதுவதா விடுவதா என்று நிறைய யோசித்தேன். அவருக்கு எதிராகவோ எங்களுக்கு எதிராகவோ இதைப் பாவிக்கலாம். ஆனால் ஒன்றை மறைத்துவிட்டு மற்றதை நம்பச் சொல்ல எனக்கு ஏலாது. நாங்கள் மட்டையால் அடித்துப் பழகிக்கொண்டிருந்தபோது வேலிக்கு அப்பால், பழைய விமான ஓடுபாதையின் ஓரத்தில் ஒருவர் நின்றார். பயிற்றுநர். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். திரும்பவில்லை, கை அசைக்கவில்லை. மட்டையில் பந்து படுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். ஒவ்வொருவரின் அடியையும் அவர் சத்தத்திலேயே அறிவார். பத்து நிமிடம் இருக்கலாம். பிறகு அப்படியே நடந்து போனார். கவிசா மட்டையைக் கீழே போட்டுவிட்டு வாங்கில் போய் இருந்தாள்.

விதியை எடுத்துத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நிற்கக்கூடாது என்று மைதானத்துக்குத்தான் சொல்லியிருக்கிறது, ஓடுபாதை நகரத்தின் சொத்து. பார்க்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறது, அவர் பார்க்கவில்லை. கேட்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. அந்த ஓட்டையை அவரும் தேடித்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும். ஒரு மனிதர் விதியை மீறுகிறவரா என்று அறிய வேண்டுமானால், தனக்குப் பிடித்த ஒன்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற அந்த நிலையைப் பாருங்கள், ஐயா.

10. காலம் பற்றியும் ஒரு சொல். தங்கள் குழுவின் தெர்மின், அதாவது விசாரணைக் கூட்டம், 25ஆம் திகதி சனிக்கிழமை பின்னேரம். எங்கள் ஆறு கிழமை முடிவது 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை பின்னேரம் அவர் குற்றமற்றவர் என்று முடிவு வந்தாலும், எங்களுக்கு மிஞ்சுவது ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். புதிதாகச் சேர்ந்த ஐந்து பேர் பயிற்றுநரின் கீழ் இலையுதிர்காலப் பயிற்சியை முடிக்காவிட்டால், விதிப்படி அவர்களை வசந்தகாலப் போட்டிக்குப் பதிய முடியாது. அவர்கள் இல்லாவிட்டால் அணிக்கு ஆட்கள் காணாது. அணி இல்லாவிட்டால் பயிற்றுநர் எதற்கு என்று யாராவது கேட்பார்கள். பிறகு தடையும் தேவைப்படாது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் யேர்மனியில் மணிக்கூட்டைப் பின்னால் திருப்புகிற நாளும். வசந்தத்தில் எடுத்த ஒரு மணித்தியாலத்தை அரசாங்கமே அன்று எல்லோருக்கும் திருப்பித் தருகிறது, ஒரு அன்ராக்கோ விண்ணப்பப் படிவமோ கேட்காமல். எங்களிடம் எடுத்த நாட்களை மன்றமும் திருப்பித் தரலாம் என்று நினைக்கிறேன்.

11. கடைசியாக, முக்கியமான விடயம். இதை நான் எழுதப் போகிறேன் என்றபோது நிதுசன் வேண்டாம் என்றார். "நீ எழுதினா ஆரும் நம்பாயினம்" என்றார். அவர் சொன்னது சரி. தவளைகளுக்குப் பிறகு என் சொல்லுக்கு மன்றத்தில் என்ன பெறுமதி என்று எனக்குத் தெரியும். ஆகவே என் சொல்லை நம்பும்படி நான் கேட்கவில்லை. தங்களிடம் ஏற்கனவே இருக்கிற காணொளியைக் கேட்கிறேன்.

தங்கள் கடிதத்தோடு வந்த அந்தக் காணொளியைப் பல தரம் பார்த்தேன். திடலில் எப்போதும் காற்று. போனில் காற்றின் இரைச்சலைத் தவிர வேறொன்றும் இல்லை என்றுதான் நானும் நினைத்தேன். செவ்வாய்க்கிழமை அவர் முதுகைக் காட்டி நின்றதைக் கண்டபின், வீட்டில் போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, காதில் செவிப்பொறியை மாட்டிக்கொண்டு, படத்தைப் பார்க்காமல் கேட்டுப் பார்த்தேன். நான்காவது எறிக்குப் பிறகு காற்று ஒரு மூச்சு விடுகிறது. அந்த இடைவெளியில் அவருடைய குரல் இருக்கிறது. தூரத்தில், ஆனால் தெளிவாக: "வேணு, பிடிக்காதே."

ஐயா, உலகத்தில் எந்தப் பயிற்றுநர் தன் பிடிப்பாளரிடம் பிடிக்காதே என்று சொல்லிப் பயிற்சி கொடுப்பார்?

அவர் சொன்னார். நான் கேட்கவில்லை. அன்று நடந்த பிழை முழுவதும் இந்த இரண்டு வசனத்துக்குள் அடங்கிவிடும்.

ஆகவே தங்களிடம் வேண்டுவது:

முதலாவது, சனிக்கிழமை வரை காத்திராமல் உடனேயே தற்காலிகத் தடையை நீக்கி, பயிற்றுநரை மைதானத்துக்குள் வர விட வேண்டும். தடையால் இழந்த நாட்களுக்கு ஈடாக எங்கள் பயிற்சிக் காலத்தை நீடித்துத் தர வேண்டும். நொவெம்பரில் வெளிச்சம் குறைவு, ஆனால் நாங்கள் வெள்ளனவே வருவோம்.

இரண்டாவது, மேலே சொன்ன எல்லாவற்றையும் வாசித்த பிறகும் அது பயிற்சிதான் என்று குழு நினைத்தால், தண்டனையை எனக்குத் தர வேண்டும். எறிந்தது சடங்கு. நிலத்தில் விழுந்திருந்தால் அது சடங்காகவே இருந்திருக்கும். பிடித்தபடியால்தான் பயிற்சிபோல் ஆனது, பிடித்தவள் நான். வசந்தகாலப் போட்டிகள் முழுவதும் விளையாடாமல் வாங்கில் இருக்கிறேன். இதைப் பெரிய மனதோடு சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். ஒரு போட்டியைக்கூட வாங்கில் இருந்து பார்க்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் நான் இல்லாமலும் அணி விளையாடும். அவர் இல்லாமல் எப்படி விளையாடுகிறது என்று இரண்டு கிழமையாய்ப் பார்த்துவிட்டேன்.

மூன்றாவது, இந்த மனுவைப் பற்றிப் பயிற்றுநரிடம் சொல்ல வேண்டாம். அவருக்குத் தெரியாது. தெரிந்தால் சாமியைச் சொல்லித் தப்பிக்க மாட்டேன் என்றவர், என்னைச் சொல்லியும் தப்பிக்க மாட்டார்.

நான்காவது, முடிவு எழுதுவதற்கு முன் தாங்கள் அந்தக் காணொளியை இன்னும் ஒரு தரம் ஓட விடுங்கோ. குழுவில் இருக்கிற எல்லோரையும் கதிரைகளைத் திருப்பிப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கச் சொல்லுங்கோ. அவர் எங்களை அப்படித்தான் கேட்டுக்கொண்டு நின்றார். அவரையும் ஒருமுறை அப்படிக் கேளுங்கோ.

தங்கள் பதிலுக்காக இடது கையைத் திறந்து வைத்துக் காத்திருக்கும்,

வேணுஜா இராசலிங்கம்
(ஒப்பம்)

இடம்: நொய்கெல்ன், பேர்லின்
திகதி: 22.10.2025, புதன்கிழமை. எங்கள் ஓய்வு நாள். இம்மனு எழுதப்பட்டபோது பயிற்றுநர் முன்னிலையில் இல்லை.

இணைப்பு: காய்ந்த தேசிக்காய்ப் பாதி ஒன்று, குங்குமத்துடன், உறையில் இடப்பட்டது. பந்தா அல்லவா என்று குழு பரிசோதிக்கலாம். மேசையில் கொட்டிப் பார்க்கவும். தயவுசெய்து கையில் ஏந்த வேண்டாம்.